மாப்பு எழுதாதவள்

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவளைக் கேட்காமல் அவள் பெயரை ஒரு முறை ஒரு காகிதத்தின் அடியில் எழுதியிருக்கிறேன், அது போதும். அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அக்கா என்றே எழுதுகிறேன்.

முதலில் பார்த்தது எர்ணாகுளத்தில், மாநிலப் போட்டிக்கு முந்தைய நாள். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் மகள். கோயமுத்தூரில் படித்தபோது, கல்லூரிக்கு எதிரே இருந்த விளையாட்டுக் கூடத்தில் கியூ கோலைப் பிடித்தவள். எங்கள் ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழில் நாலு பேர் நடுவே உச்சரிப்பது சங்கடம். அதனால் எங்கள் வீட்டில் அது பில்லியர்ட்ஸ்தான். ஆறு குழி உள்ள மேசை, எண் போட்ட ஒன்பது பந்து, அவற்றை அடிக்க ஒரு வெள்ளைப் பந்து. இருப்பதில் சிறிய எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தைக் குழியில் போடுகிறவர் அந்த ஆட்டத்தை ஜெயிக்கிறார். இரட்டையர் என்றால் இன்னொரு விதியும் உண்டு. ஜோடியில் இருவரும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். நான் அடித்து வெள்ளைப் பந்தை எங்கே விடுகிறேனோ அங்கிருந்துதான் அவள் அடிக்க வேண்டும். என் தவறு என்னோடு நிற்காது. அடுத்த நிமிடமே அவள் தலையில் ஏறும்.

எனக்கு ஜோடி அமையவில்லை, அவளுக்கும் அமையவில்லை. அமைப்பாளர்கள் இருவரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். முப்பதைத் தாண்டியவள், ஒல்லி, காதோரம் நாலைந்து நரை. மலைப்பக்கம் ஆனைக்கரையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். பையைத் திறந்தால் ஏலக்காய் வாசம் அடிக்கும். மேசைக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஒரு பந்தை நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்தது. பந்து நகர்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நகரவில்லை. பிறகுதான் கோலை எடுத்தாள்.

அன்று பயிற்சியில் நான் வெள்ளைப் பந்தை அவளுக்கு எட்டாத இடங்களில் எல்லாம் விட்டேன். ஒவ்வொரு முறையும் "சாரிங்க்கா" என்றேன். எங்கள் பக்கத்தில் பேச்சுக்கு நடுவே "ங்க" வருவது போல எனக்கு சாரியும் வரும். பேருந்தில் என் காலை மிதித்தவரிடமே சாரி சொன்னவள் நான். பத்துப் பதினோரு சாரிக்குப் பிறகு அவள் கோலை மேசைமேல் படுக்கப் போட்டாள்.

"இந்தா பிள்ள. இன்னொருக்கச் சாரி சொன்னேன்னா நான் பஸ் ஏறிருவேன்."

"பழக்கமாயிருச்சுங்க்கா."

"தப்பாப் போச்சா, போச்சு. அடுத்தத பாரு. எங்கிட்ட மாப்பு கேட்டா பந்து திரும்பி வருமா?"

மாப்பு என்றால் மன்னிப்பு. மலையாளத்திலிருந்து வந்து மலைத் தமிழில் ஒட்டிக்கொண்ட சொல். எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு அது சின்ன வயதிலேயே பழக்கம். பள்ளிக்குத் தாமதமாகப் போனால் மாப்பு, தேயிலைக் கொழுந்து எடை குறைந்தால் மாப்பு, லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், குடியிருக்கும் வீட்டின் கதவுக்கு வேறு சாயம் அடித்துவிட்டால் ஆபீசில் போய் மாப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காவின் அம்மா மாட்டுப்பட்டிப் பக்கம் கொழுந்து எடுத்தவர். எழுதத் தெரியாததால் அவருடைய மாப்பையெல்லாம் எழுதித் தந்தவள் அக்காதான். ஏழாம் வகுப்போடு அதை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். அம்மா அடித்துப் பார்த்திருக்கிறார், எழுதவில்லை. அதற்கப்புறம் அம்மா கைநாட்டை மட்டும் வைத்து வந்திருக்கிறார்.

அவள் ஆட்டம் கற்ற கதையைப் பின்னால் ஒரு ரயில் பயணத்தில்தான் கேட்டேன். மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு விடுதியில் அறை துடைத்து, கோப்பை கழுவும் வேலை. அங்கே விருந்தாளிகளுக்கென்று ஒரு மேசை. விருந்தாளிகள் அணையில் படகு விடப் போகும் மதிய வேளையில், இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, அந்த மேசைத் துணியைத் துடைக்கிற சாக்கில் விளையாடுவாள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. மழை பெய்து தரை இறங்கியதில் மேசை ஒரு மூலைப் பக்கம் சரிந்திருந்தது. மெதுவாக அடித்தால் பந்து தன்னாலே அந்த மூலைக்கு ஓடிவிடும். அதனால் அவள் எல்லாப் பந்தையும் தயங்காமல் நேராக, வலுவாக அடிக்கப் பழகிக்கொண்டாள். ஆறு வருடம் அப்படி.

ஒரு நாள் நகரத்துக்காரர் ஒருவர் படகுக்குப் போகாமல் அறையிலேயே இருந்துவிட்டார். இவள் விளையாடுவதைப் பார்த்து, வேடிக்கையாக, என்னோடு ஆடுகிறாயா என்று கேட்டிருக்கிறார். ஆடினாள். மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் அவர் தோற்றார். சாயங்காலம் மேனேஜரிடம் புகார்: வேலைக்காரிகள் விருந்தாளிகளின் மேசையைத் தொடுகிறார்கள். மாப்பு எழுதிக் கொடு என்றார் மேனேஜர். அக்கா காகிதம் வாங்கி எழுதிக் கொடுத்தாள்.

என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நான் விளையாடியது உண்மை. சார் கூப்பிட்டது உண்மை. சார் தோத்ததும் உண்மை. மேசையைத் துடைச்சு வச்சிருக்கேன்னு எழுதுனேன்."

வேலை போயிற்று. அதன்பின் ஆனைக்கரையில் சித்தி வீட்டில் தங்கி ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போனாள். கம்பம்மெட்டில் ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் வியாபாரிகள் பொழுதுபோக்க ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை படியேறிப் போய் நின்றாளாம். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகவும் சொல்லவில்லை. மூன்றாவது ஞாயிறு ஒருவருக்கு ஜோடி குறைந்தது. அவ்வளவுதான்.

இதையெல்லாம் வைத்து அவளை முரட்டுப் பிடிவாதக்காரி என்று முடிவுகட்டினால் அது பாதிதான். மாநிலப் போட்டியின் கடைசிச் சுற்றில் நாங்கள் ஜெயிக்கிற நிலையில் இருந்தோம். அக்கா எட்டித்தான் அடிக்க வேண்டியிருந்த ஒரு பந்து. அடித்தாள், விழுந்தது, அரங்கில் கைதட்டல். நான் அடுத்ததை அடிக்கக் குனிந்துவிட்டேன். அவள் நடுவரிடம் போய், என் சட்டைக் கை எட்டாம் பந்தில் பட்டது என்றாள். நடுவர் பார்க்கவில்லை. எதிர் ஜோடி பார்க்கவில்லை. வீடியோவில்கூடத் தெரியவில்லை என்று பின்னால் சொன்னார்கள். தவறு என்று ஆட்ட முறை எதிரணிக்குப் போய், அந்த ஆட்டத்தைத் தோற்றோம். அடுத்ததை மயிரிழையில் ஜெயித்துப் பட்டம் வாங்கினோம்.

எனக்குக் கோபம். யாருமே பார்க்கவில்லையே, ஏன் சொன்னீர்கள் என்றேன்.

"பட்டுச்சுல்ல."

"அப்ப அவங்ககிட்ட ஒரு சாரியாச்சும் சொல்லியிருக்கலாமுங்க்கா."

"செஞ்சத செஞ்சேன்னு சொல்லுறது வேற பிள்ள. மாப்பு கேக்குறது வேற. மொதல்லது எனக்காக. ரெண்டாவது அவுகளுக்காக."

அப்போது எனக்கு இது ஏதோ பேச்சுக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

அந்த வருடமே தேசியப் போட்டியிலும் பெண்கள் இரட்டையர் பட்டத்தை ஜெயித்தோம். ஜெயித்த ஜோடிதான் நாட்டின் ஜோடி. பிலிப்பைன்ஸில், மணிலாவில், பதினாறு நாடுகளின் இரட்டையர்கள் மோதும் போட்டிக்கு எங்கள் பெயர் போயிற்று. கொழிஞ்சாம்பாறை முக்கில் அப்பா ஃபிளெக்ஸ் வைத்தார். எங்கள் தோப்புக்குத் தேங்காய் போட வந்தவர்கள்கூட, அம்மணி எந்த ஊருக்குப் போவுது என்று கேட்டுவிட்டுத்தான் மரம் ஏறினார்கள்.

வழியனுப்பு விழாவில் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். எங்கள் ஆட்டத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளர் ஒருவர் இருந்தார். எங்களோடு மேலாளராக வரவிருந்தவரும் அவரே. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேடை கிடைத்தால் கனிந்துவிடும் ஆள். அக்காவைக் கைகாட்டி, நேற்றுவரை விடுதியில் தேநீர்க் கோப்பை கழுவிய ஒரு ஏழைப் பெண்ணைக் கைதூக்கிவிட்டது நம் சங்கத்தின் கருணை என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். அக்கா எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். மலையாளத்தில்தான் பேசினாள், எல்லோருக்கும் புரியட்டும் என்று. "நான் கோப்பை கழுவியது உண்மை. சங்கம் எனக்கு மேசை தரவில்லை, கோல் தரவில்லை, சொல்லியும் தரவில்லை. போட்டி வைத்தார்கள், நாங்கள் ஜெயித்தோம். இதில் கருணை எங்கே வந்தது?" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. விடுதி அறையில் துண்டு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற தொனி.

மறுநாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மேடையில் சங்கத்தை அவமதித்ததற்கு மூன்று நாளில் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் இடம் பிடித்த ஜோடி மணிலாவுக்குப் போகும். அக்காவுக்குப் போன் செய்தேன். "அப்ப அவுக போகட்டும்" என்றாள். பின்னால் ஏலக்காய் சலிக்கும் இயந்திரத்தின் இரைச்சல். எனக்காகவாவது என்றேன். "உனக்காக வேற என்ன வேணும்னாலும் கேளு" என்றாள்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மதியம் தோப்பு மோட்டார் ரூமில் உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலத்தில், அவள் எழுதுவதுபோல் இல்லாமல், யார் படித்தாலும் இரங்குவதுபோல. என் அறியாமை, என் எளிய பின்னணி, உங்கள் பெருந்தன்மை. தேசியப் போட்டி விண்ணப்பத்தின் படம் என் போனில் இருந்தது. அதில் அவள் கையெழுத்து. தமிழில் போடுவாள், கடைசி எழுத்தின் சுழியை மட்டும் நீட்டி. நாலு காகிதத்தில் போட்டுப் பழகி ஐந்தாவதில் போட்டேன். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து அனுப்பினேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் சொன்ன சாரிகளிலேயே அதுதான் கச்சிதமானது. அதைச் சொன்னது அவள் வாயால்.

அரை மணியில் செயலாளரிடமிருந்து பதில் வந்தது. நல்ல புத்தி வந்ததே, சந்தோஷம். அக்காவைக் கூப்பிட்டு, அவர்களே விட்டுவிட்டார்கள் என்று சொன்னேன்.

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அதை நான் எதிர்பார்க்கவில்லை. "பாத்தியா பிள்ள," என்றாள், "நாம நேரா நின்னா அவுகதான் சரியணும்." பயணம் முழுக்க அந்தச் சந்தோஷம் அவளிடம் இருந்தது. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். அம்மா இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன் என்றாள். ஒரு கடுதாசி எழுதாமலும் ஜெயிக்கலாம் என்று காட்டியிருப்பேன் என்றாள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

மணிலா அவளுக்குப் பிடித்துவிட்டது. விடுதிக்குப் பின்னால் சந்தையில் கப்பை எனும் மரவள்ளிக் கிழங்கைக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்து, "இங்கயும் கப்ப இருக்கு, பயமில்ல" என்றாள். அந்த ஊரில் எங்கள் ஆட்டம் தெருவெல்லாம் நடக்கிறது. மீன் விற்கிறவர்கூட நின்று, கோல் பையைப் பார்த்து, எந்த நாடு என்று கேட்டார். முதல் சுற்றை எளிதாக ஜெயித்தோம். அடுத்தது காலிறுதி, உள்ளூர் ஜோடியோடு.

காலிறுதி அன்று காலைச் சாப்பாட்டில்தான் அது வெடித்தது. வெடித்தது என்பதுகூடச் சரியில்லை, சத்தமே இல்லை. செயலாளர் நல்ல மனநிலையில் இருந்தார். அக்காவின் தட்டருகே வந்து, உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது, பழசை மறந்துவிட்டேன் என்று மலையாளத்தில் சொன்னார். அக்கா முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். எந்தக் கடிதம் என்று கேட்டாள். அவர் போனில் எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முழுவதையும் படித்தாள். கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இதை நான் எழுதவில்லை, கையெழுத்தும் என்னுடையதில்லை என்றாள் அவரிடம். வேறு யார் எழுதியது என்று கேட்டார் அவர். அது உங்களுக்கு வேண்டாம், நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றாள்.

அவள் என் பெயரைச் சொல்லமாட்டாள் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது. "நான்தானுங்க எழுதினேன்" என்றேன் தமிழில். அவருக்கு அது நன்றாகவே புரிந்தது.

அவர் முகம் சிவந்து ஏதேதோ சொன்னார். அணியை விலக்கிக்கொள்வேன் என்றார். ஆனால் அட்டவணை போட்டாகிவிட்டது. விலகினால் நாட்டுக்கே கெட்ட பேர், அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியில், ஆடித் தொலையுங்கள், ஊருக்குப் போய் விசாரணை என்று எழுந்து போனார்.

லிஃப்ட் அருகே அக்காவைப் பிடித்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவள் சொன்னாள்:

"நான் ஜெயிச்சேன்னு நெனச்சு பிளேன் ஏறுனேன். நீ என்னயத் தோக்க வச்சுக் கூட்டிட்டு வந்துருக்க."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

அன்று மதியம் ஆடிய ஆட்டத்தை நான் எத்தனையோ முறை மனதுக்குள் ஆடிப் பார்த்திருக்கிறேன். முதலில் ஏழு ஆட்டம் ஜெயிப்பவர்களுக்குக் காலிறுதி. அரங்கு நிறையக் கூட்டம், எல்லோரும் எதிர் ஜோடிக்கு. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சொல் இல்லை. வழக்கமாக ஒவ்வொரு அடிக்கு முன்னும் தலை சேர்த்துப் பேசுவோம், இந்தப் பக்கம் விடு, அந்தப் பக்கம் விடு என்று. அன்று அவள் தன் முறைக்கு எழுந்து, அடித்து, உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனால் வெள்ளைப் பந்து. அதை எப்படிச் சொல்ல. அவள் கோபத்தில் அதை எங்கே வேண்டுமானாலும் விட்டிருக்கலாம். என்னைத் திணற வைத்திருக்கலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் நான் எழுந்து போனபோது அது எனக்கு வாகான இடத்தில் நின்றது. என் உயரத்துக்கு எட்டும் இடம், என் இடது கை ஊன்றும் இடம், எனக்கு நேர்க்கோடு பிடிக்கும் என்பது தெரிந்து விட்ட நேர்க்கோடு. ஒருமுறைகூடத் தவறவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் எனக்குக் கண் மறைத்தது. நடுவரிடம் நேரம் கேட்டு முகம் துடைத்துவிட்டு வந்தேன்.

ஆறுக்கு ஆறு வந்தது. கடைசி ஆட்டத்தில் ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் மேசையில். எதிரணி ஏழைத் தவறவிட்டது. அக்கா ஏழைப் போட்டு, வெள்ளையை எட்டுக்கு நேராக விட்டாள். நான் எட்டைப் போட்டேன். ஆனால் அடி கொஞ்சம் வலுத்துவிட்டது. வெள்ளை உருண்டு உருண்டு தூர மூலையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்பது எதிர்க் கோடியில். மேசையின் முழு நீளம். வெள்ளையின் தலை மட்டும்தான் கோலுக்குக் கிடைக்கும். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அவர்களுக்கு அது ஜெயித்த மாதிரிதான்.

எனக்குத் தொண்டைவரை சாரி வந்தது. விழுங்கினேன். அவள் என்னைக் கடந்து போனாள். குனிந்தாள். மெதுவாக அடித்து, பந்தை எதிரணிக்கு எட்டாத இடத்தில் விட்டுத் தப்பிக்கப் பார்க்கலாம். பெரும்பாலோர் அதைத்தான் செய்வார்கள். அவள் நேராக, முழு வலுவோடு அடித்தாள். ஒன்பதாம் பந்து குழியின் பின்சுவரில் மோதிய சத்தம் மேல் வரிசைவரை கேட்டிருக்கும். அதன்பின் அவ்வளவு பெரிய அரங்கில் எங்கோ ஒரு குழந்தை இருமியதுதான் கேட்டது. எதிர் ஜோடியிடம் போய்க் கைகுலுக்கினாள், நடுவரிடம் கைகுலுக்கினாள், கோலைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

அரையிறுதியில் தைவான் ஜோடியிடம் ஏழுக்கு மூன்று என்று தோற்றோம். அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள். அரையிறுதியில் தோற்ற இரு ஜோடிக்கும் வெண்கலம். பதக்கப் படத்தில் செயலாளர் எங்களுக்கு நடுவில் நிற்கிறார். மூவரில் சிரிப்பவர் அவர் ஒருவர்தான்.

விசாரணை ஒரு மாதம் கழித்து. நீள மேசை, ஐந்து பேர். முதலில் என்னைக் கேட்டார்கள். எழுதியதை எழுதினேன் என்றேன். பிறகு அக்காவைக் கேட்டார்கள், மிக மரியாதையாக. சங்கத்துக்கு வெண்கலம் வந்த சமயம். அவளை இழக்க அவர்களுக்கும் மனமில்லை. இந்தப் பெண் உன் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், இவள்மேல் ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிடு, மேடையில் நடந்ததை மறந்துவிடுகிறோம், உனக்கு வேறு நல்ல ஜோடி தருகிறோம் என்றார்கள். காகிதமும் பேனாவும் அவள் முன் வைத்தார்கள்.

நான் அவளைப் பார்த்தேன். எழுதினால் நியாயம்தான். என்னிடம் அவள் இன்னும் ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

அவள் பேனாவை எடுத்து மூடி போட்டு வைத்தாள். "அவ எனக்குச் செஞ்சது எனக்கும் அவளுக்கும்" என்றாள், தமிழிலேயே. "அத நாங்க பாத்துக்கிடுதோம். அது உங்க ஃபைல்ல வேண்டாம்."

அக்காவுக்கு ஐந்து வருடத் தடை. எனக்கு இரண்டு. சங்கம் நடத்தும் எதிலும் ஆடக்கூடாது. எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தால் குறைக்கப்படும்.

பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் நடந்தே போனோம், அவள் முன்னால், நான் இரண்டடி பின்னால். கட்டப்பனை பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் கால் வைத்தவளைக் கூப்பிட்டேன். என் வாழ்நாளில் ஆயிரம் முறை வாயிலிருந்து உதிர்ந்த சொல் அன்று வரமாட்டேன் என்றது. தட்டுத் தடுமாறி, "நான் செஞ்சது தப்புங்க்கா. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவள் திரும்பி, அந்த மாதத்தில் முதன்முறையாக, என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. இளக்கமும் இல்லை.

"கேட்டுட்ட. சரி. எனக்கு இன்னும் மனசு ஆறல. ஆறுனாச் சொல்லுதேன்."

பஸ் போய்விட்டது.

அப்பா சொன்னார், "ஒரு லெட்டருதான அம்மணி, எழுதிப் போட்டுட்டு வெளையாடு." எழுதினதுக்குத்தானுங்கப்பா இந்தப் பாடு என்றேன். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. முக்கில் இருந்த ஃபிளெக்ஸ் மழையில் கிழிந்து, யாரோ அதை வைக்கோல்போருக்கு மேல் போர்த்திக்கொண்டார்கள். நான் கோயமுத்தூரில் ஒரு வேலையில் சேர்ந்தேன். கோலைத் தொடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பெயரைப் பார்ப்பேன். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. நான் அழைக்கவில்லை, அவள்தானே சொல்கிறேன் என்றாள். அவசரப்படுத்த எனக்கு என்ன உரிமை.

எட்டு மாதம். ஒரு வியாழக்கிழமை, அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆறிருச்சு பிள்ள" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழம கம்பம்மெட்டுக்கு வா. கோலக் கொண்டுட்டு வா."

போனேன். ஏலக்காய்க் கடை மாடியில் கால் வைக்க இடமில்லை. தரம் பிரிக்கும் பெண்கள், தோட்டத்து வேலைக்காரப் பெண்கள், ஒரு நர்ஸ், இரண்டு ஆசிரியைகள். எட்டு மாதமாக ஞாயிறுதோறும் அக்கா இவர்களுக்கு மேசையைத் திறந்துவிட்டிருக்கிறாள். அன்றுதான் அவர்களுடைய முதல் இரட்டையர் போட்டி. பதினான்கு பேர், ஏழு ஜோடி. நானும் அவளும் சேர்ந்தால் எட்டு.

கடைக்காரர் ஓரமாக நின்று அக்காவிடம் ஒரு காகிதத்தைக் காட்டினார். சங்கத்திலிருந்து வந்த நோட்டீஸ். தடை செய்யப்பட்ட இந்த இருவரையும் ஆடவிடும் எந்த இடத்துக்கும் அங்கீகாரம் கிடையாது, அங்கே ஆடுகிறவர்களும் சங்கப் போட்டிகளில் ஆட முடியாது. என் பெயரும் அவள் பெயரும் தடித்த எழுத்தில். கடைக்காரர் பயந்த ஆள் இல்லை, ஆனால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். மறைத்து வைக்கட்டுமா என்று கேட்டார்.

"எதுக்கு மறைக்கணும்? செவுத்துல ஒட்டுங்கண்ணே. எல்லாரும் படிச்சிட்டு ஆடட்டும். வேண்டாங்கிறவுக போகட்டும்."

ஒட்டினார். அக்கா அதை மலையாளத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சத்தமாகப் படித்தாள், ஒரு வரி விடாமல். படித்து முடித்து, போகிறவர்கள் போகலாம், வருத்தமில்லை என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரோரம் நின்ற ஒருத்தி, ஏலத்தோட்டத்தில் களை வெட்டுகிறவள், வெட்டுக்காயத்துக்குக் கையில் துணி சுற்றியிருந்தவள், முன்னால் வந்து நோட்டீஸைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"இதுல எங்க பேரு இல்லையே," என்றாள். "எழுதச் சொல்லுங்க."

பிறகு திரும்பி, மேசையிலிருந்து கோலை எடுத்து, தன் ஜோடியைக் கூப்பிட்டாள்.

ஒருவரும் படியிறங்கவில்லை.